ஏணிப்படியில் பாதி எங்களுடையது

இன்று காலை தெருமுனை டெப்பனர் பெட்டிக்கடை வாசலில், பனியில் ஆட்கள் வழுக்காமல் இருக்க உப்புத் தூவியிருந்தார்கள். செருப்புக்கடியில் அது நறநறத்ததும் எனக்கு எங்கள் கட்சி ஞாபகம் வந்துவிட்டது. சனியன், வேறு எதுவும் வரக்கூடாதா?

கட்சி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாகாண மட்டத்தில் ஒரு சின்ன லிபர்டேரியன் கட்சி. அரசாங்கம் மனிதனுடைய வீட்டுக்குள்ளும் தொழிலுக்குள்ளும் மூக்கை நுழைக்கக்கூடாது, அதுதான் கொள்கை. என்னைச் சேர்த்துவிட்டவர் சிவம் அண்ணை. இருவரும் ஒரே சலவை ஆலையில் வேலை. அவருடைய காரில்தான் போய்வருவேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். யாராவது கதவைத் தட்டினாலே விளக்கை அணைத்துவிடுவேன். அதிலும் மனைவி அனுமதி எடுக்காமல் வீட்டில் ரோல்ஸ் பலகாரம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"டேய், இன்ஸ்பெக்டரே இல்லாத காலம் வரும். பயப்பிடாதை" என்றார் அண்ணை. அதற்காகவே சேர்ந்தேன்.

கூட்டம் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு மாடிவீட்டில். வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. எல்லாரும் பிரெஞ்சில் கத்துவார்கள். அண்ணை என் காதுக்குள் தமிழில் சொல்வார். தலைவர் கிடையாது, யாரும் யாருக்கும் வேலை ஏவக்கூடாது. ஆகவே படியில் பனி அள்ளவும் ஆளில்லை. யாராவது விழுந்து செத்தால் பொலிஸ் என்னிடம்தான் வரும் என்ற நடுக்கத்தில் நானே முன்கூட்டிப் போய் உப்புப் போடுவேன்.

பிறகு தேர்தல் வந்தது. கட்சி இரண்டாக உடைந்தது. தேர்தலில் நிற்கவேண்டும் என்றது ஒரு பக்கம். வாக்கெடுப்பே பெரும்பான்மையின் அடாவடி, நிற்கவே கூடாது என்றது மறுபக்கம். அதைத் தீர்க்க ஒரு வாக்கெடுப்பு வைக்கவும் வழியில்லை! ரோல்ஸை நினைத்து நான் நிற்கிற பக்கம். அண்ணை மறுபக்கம். கடைசியில் வீட்டையே பிரித்தார்கள்: முன்னறை எங்களுக்கு, பின்னறை அவர்களுக்கு. படியையும் விடவில்லை. மேல்பாதி எங்களுடையது, கீழ்ப்பாதி அவர்களுடையது. இரண்டு பாதியையும் மிதிக்காமல் ஒருவரும் மேலே போகமுடியாது என்பது அத்தனை மேதைகளில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் நான் வழக்கம்போல் முழுப்படிக்கும் உப்புப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணை விளக்குமாற்றோடு கீழ்ப்பாதியைக் கூட்டித் தள்ளுகிறார்.

"எங்கட பாதியிலை உங்கட உப்பு வேண்டாம்."

"அண்ணை, விழுந்துபோவியள்."

"விழுறது என்ர உரிமை. நீ ஆரடா என்னைக் காப்பாத்த?"

எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் மேலே நின்று, எதிரிக்கு ஏன் உப்புப் போட்டாய் என்று என்னையே ஏசினான். கூட்டம் முடிந்து இறங்கும்போது அண்ணை வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தூக்கப் போனேன். "தொடாதை" என்றார். அதற்குப் பிறகு கார் வரவில்லை, பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கூட்டங்களில் காதுக்குள் சொல்ல ஆளில்லாமல் மரம்போல் இருந்துவிட்டு நானும் போவதை நிறுத்திக்கொண்டேன்.

தேர்தலில் எங்கள் பக்கத்தாலும் ஒருவரை நிறுத்த முடியவில்லை. இரண்டு கோஷ்டியும் ஒழிந்தன, நல்லது. அந்த மாடியில் இப்போது பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஒரு கார்டெரி நடக்கிறது. மனைவி இன்னும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ரோல்ஸ் பொரிக்கிறாள்.

அண்ணை லவால் பக்கம் போய்விட்டார். போன வருடம் டொலார்ட் முருகன் கோயிலில், பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். ஏசப்போகிறார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். ஏசினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ."

போனேன். என்னை "டேய்" என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.