ட்ரம்பெட்டை வெட்டியவர்

அப்பா வீட்டில் ஓயாமல் போட்ட லத்தீன் ஜாஸ் ஆல்பத்தை இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு புதுக் காப்பிக் கடையில் முழுதாகக் கேட்டேன். பாடுகிறவளுக்குச் சரிக்குச் சரியாக ஒருவன் ட்ரம்பெட் வாசிக்கிறான், அப்படி ஒருவன் இருப்பதே இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இதே இடத்தில்தான் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் மணியம் அங்கிளின் கடை இருந்தது. சூடான டேப்பும் ஸ்பிரிட்டும் மணக்கும் அந்தக் குறுகலான அறையில் அவர் ஒரு விரலை எப்போதும் பொத்தான் மேலேயே வைத்திருப்பார், குரல் ஓய்ந்து வாத்தியம் தொடங்கியதும் 'டக்'கென்று பதிவை நிறுத்துவார், குரல் திரும்பியதும் மறுபடி ஒரு 'டக்'.

"பாடாத இடத்துக்கு டேப் வேஸ்ட்லா அண்ணே. மிச்சத்துல ரெண்டு முருகன் பாட்டு போட்டுத் தரேன்."

அப்பா சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

இப்போது சண்டை போடலாமென்றால் கடையுமில்லை, அவருமில்லை. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் அந்த ஆல்பத்தையே மறுபடி போட்டேன். ட்ரம்பெட் தொடங்கியதும் என் விரல் தானாகப் போய்க் குரல் திரும்பும் இடத்துக்குப் பாட்டைத் தள்ளிவிட்டது.