சென்ட்ரல் மணிக்கூண்டும் அப்பாவின் கைக்கடிகாரமும்

எங்கள் வீட்டில் எந்தக் கடிகாரமும் உண்மை பேசாது. அப்பாவின் கம்பெனி பஸ் மத்திகிரி முக்கில் யாருக்காகவும் நிற்காது. அதனால் சுவர்க் கடிகாரமும் அப்பாவின் கைக்கடிகாரமும் எப்போதும் கால்மணி முன்னால் ஓடும். அந்தக் கால்மணியைக் கழித்துத்தான் அம்மா மணி சொல்வாள். எனக்கும் அப்படியே கற்றுக்கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்திலும் கழித்துச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சித்தியின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டதால், அவள் வீட்டார் அதுவரை எங்களை அண்டவிட்டதில்லை. அழைப்பு வந்த நாள் முதல் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஓசூரிலிருந்தே தெற்கே நேராக ரயில் உண்டு. அப்பாவோ சென்னைக்குப் போய் எழும்பூரில் ரயில் ஏற டிக்கெட் எடுத்தார்.

“பாப்பாவுக்கு சென்ட்ரல் மணிக்கூண்டக் காட்டணும்ல?” என்று என் தலையில் பழியைப் போட்டார். நான் கேட்கவே இல்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று அம்மா சிரித்தாள்.

மணிக்கூண்டு உண்மையிலேயே அழகுதான். செங்கல் சிவப்பில், போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கடிகாரத்தின் முள்ளைத் திருகி அதற்குச் சரியாக வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து ஓட்டலில் டிபன் சாப்பிட்டோம். அம்மா அப்பாவின் கையை இழுத்து மணி பார்த்தாள். வழக்கம்போல் கால்மணியைக் கழித்தாள். நேரம் கிடக்கிறது என்று சித்திக்கு மல்லிகைப்பூ வாங்கப் போனாள். அப்பா வாயைத் திறக்காமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

எழும்பூரில் நாங்கள் ஓடிப்போய் நின்றபோது பிளாட்பாரம்தான் இருந்தது.

“அய்யய்யோ, டைம சரி பண்ணத சொல்ல மறந்துட்டேனே” என்றார் அப்பா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் மாமாவிடமிருந்து போன் வந்தது.

“நாந்தாண்ணே மணியத் தப்பாப் பாத்துட்டேன்” என்றாள்.

அப்பா பையை எடுத்தார். “இப்பிடியே ஊருக்குத் திரும்பிடலாமா? நீ வேணா பாப்பாவக் கூட்டிட்டுப் போய்ட்டு வா.”

“உங்களையும் சேத்துத்தான் கூப்பிட்டிருக்காவ” என்றாள் அம்மா.

கம்பெனி பஸ்ஸை ஒருநாளும் தவறவிடாத மனிதர் ரயிலைத் தவறவிட்ட கதையை நான் வெகுகாலம் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். அவர் மறக்கவில்லை, பயந்திருந்தார் என்பது உறைக்க எனக்கே கல்யாண வயது வரவேண்டியிருந்தது.

அடுத்த ரயிலில் ஏறியதும் அம்மா அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டாள். பிறகு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தவள், திருநெல்வேலி வரை விடவில்லை. கடிகாரம்தான் என்னிடம் இருக்கிறதே, வெறும் கையில் அம்மா என்ன மணி பார்க்கிறாள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.