பகல் பதினொரு மணிக்கு ஒரு கறுப்பு பீர்

இருபத்தேழு வருஷமாக என் நாக்குதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. சண்டை போடுகிற நாக்கைச் சொல்லவில்லை, அதுவும் உண்டு என்று என் கணவர் சத்தியம் செய்வார். நான் சொல்வது தேயிலை ருசி பார்க்கிற நாக்கை. மட்டாஞ்சேரியில் படகேறி எதிர்க்கரைத் தீவில் இறங்கினால் பத்து நிமிஷ நடையில் எங்கள் அலுவலகம். ஏலத்துக்கு வரும் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாயத்தை வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கம் நிற்கும் எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். காலையில் மட்டும் இருநூறு, முந்நூறு கோப்பை. விழுங்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சாயத்துக்கு எங்கள் தொழிலில் லிக்கர் என்று பெயர். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவ லிக்கர் லைன்ல இருக்காளாக்கும்" என்று சொல்லி எதிராளி முழிப்பதைப் பார்த்து ரசிப்பது என் கணவருடைய பழைய வேடிக்கை.

அந்த வேடிக்கை எங்கள் தலையிலேயே வந்து விழும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே பெண் போனில் கூப்பிட்டு, தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். திருப்பூணித்துறைப் பையன். எங்களைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் தமிழ் பேசிக்கொண்டிருக்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வாயெல்லாம் பல். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டேன்.

"பீர் காய்ச்சறான்மா," என்றாள்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மருந்துக் கம்பெனியில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, பெங்களூரிலேயே சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு சின்ன இடத்தில் காய்ச்சுகிறவனாகச் சேர்ந்திருக்கிறானாம். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வரட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

"நீ பார்த்துட்டுச் சொல்லு. சரின்னா சரி. வேண்டாம்னா நான் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன், அவனண்டையும் சொல்லிட்டேன்," என்றாள். என் பெண் சொன்னால் சொன்னதுதான். என்னிடமிருந்து போனது அது.

சித்திரை பிறக்கிற விஷுவுக்கு வரட்டுமா என்று கேட்டாள். ஏலம் நெருக்குகிறது, வேண்டாம் என்றேன். மே மாதம் கேட்டாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன். ஆபரேஷன் என்னவோ நடந்தது, ஆனால் அன்று சாயங்காலமே அவர் ஒரு கண்ணால் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூன் தொடக்கத்தில் கேட்டாள். மழை என்றேன். கொச்சியில் ஜூன் மாதம் மழை பெய்கிறது என்று ஒரு காரணம்! எனக்கு உண்மையில் பயம். பையனைப் பார்த்தால் பிடித்துவிடுமோ என்று பயம். பிடித்துப்போனால் பாலக்காட்டில் இருக்கும் என் நாத்தனார்களிடம் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று சொல்வது? "உணவு பதப்படுத்தறார்னு சொல்லிடு," என்றார் கணவர். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. ஜூன் கடைசி ஞாயிறு வருகிறோம் என்று செய்தி மட்டும் வந்தது. கூடவே பையனிடமிருந்து ஒரு கேள்வி: மாமிக்கு நாக்கு எந்த நேரத்தில் சுத்தமாக இருக்கும்? காலையில் பதினொரு மணிக்கு என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான், இதை எதற்குக் கேட்கிறான் என்று உறைத்தது. தான் காய்ச்சியதை எனக்கு ருசி காட்ட வருகிறான்!

அன்று காலை வெங்காயம் நறுக்கவில்லை, சந்தனம்கூட இட்டுக்கொள்ளவில்லை. வேண்டாத விருந்தாளிதான், ஆனாலும் ருசி பார்க்கப் போகிற நாளில் நான் வேறெப்படியும் இருந்ததில்லை. பெண் முதல் நாள் ராத்திரியே வந்துவிட்டாள். அவன் திருப்பூணித்துறையில் அம்மா வீட்டிலிருந்து மெட்ரோவும் படகும் மாறி, பாதி நனைந்துகொண்டு வந்தான். ஒல்லி. கண்ணாடி. செருப்பை வாசலில் நேராகச் சேர்த்து வைத்தான். தோளில் மாட்டிய பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்த விதத்தைப் பார்த்தால், உள்ளே குழந்தை தூங்குகிறதோ என்று தோன்றும்.

என் கணவர் முதல் வேலையாகத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். "பதினொரு மணிக்கு பீர்! நம்ம வம்சத்துலயே முதல் தடவையாக்கும்," என்றார். குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குப் படவில்லை.

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். வெளிச்சம் இல்லாமல் நிறம் தெரியாது.

பையன் சின்ன கண்ணாடி டம்ளர்கள் கேட்டான். ஊற்றினான். நான் பீர் என்றால் மஞ்சளாக, சோப்பு நுரை மாதிரி எதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது கறுப்பு. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் ஒரு செம்மை. மேலே நுரை காப்பிப் பழுப்பு நிறம். குளிரவைக்காமல் கொண்டுவந்திருந்தான். குளிரவைத்தால் வாசனை அடங்கிவிடும் என்றான், அதுவே எனக்குப் பிடித்தது. கடையில் விற்கிற பீரைவிட இரண்டு பங்கு வீரியமாம். ரம் இருந்த பழைய மரப் பீப்பாய் ஒன்றை வாங்கி, அதில் ஊற்றி மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தானாம். ஒரே ஒரு பீப்பாய், அவன் சொந்தக் காசில் வாங்கியது. அதிலிருந்து எடுத்த முதல் பாட்டில் இது.

மூக்கைக் கொண்டுபோனேன். அடுத்து என்ன நடந்தது என்பதை என் பெண் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சாப்பாட்டு மேஜையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தேன். வறுத்த காப்பிக்கொட்டை. கொஞ்சம் கருகிய வெல்லம். பேரீச்சம்பழம். அடியில் வனிலா மாதிரி ஒன்று. டம்ளரை எடுத்தேன், உறிஞ்சினேன். சாதாரணமாக அல்ல, தொழில்முறையில். சத்தத்தில் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு வலது பக்கம் திரும்பித் துப்பினேன்.

அலுவலகத்தில் வலது பக்கம் எச்சில் தொட்டி இருக்கும். வீட்டில் அதே இடத்தில், கூரை ஒழுகுகிறது என்று கணவர் வைத்திருந்த இரும்பு வாளி இருந்தது. குறி தப்பவில்லை. வாளியில் பட்ட சத்தம் அடுக்களை வரை கேட்டது.

நான் நிறுத்தவில்லை. இரண்டாவது வாய். துப்பல். மூன்றாவது வாய். துப்பல். கண்ணை மூடிக்கொண்டு நாக்கின் ஓரங்களில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது பெண்ணைக் காணோம். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பையன் எழுந்து நின்று, பாட்டிலைத் துண்டில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான். காதுமடல் இரண்டும் சிவந்து கிடந்தன.

"பரவாயில்லை மாமி. நான் போயிட்டு வரேன்," என்றான். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை உலுக்கியது.

"எங்க போறே? உட்காரு! நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே?"

"வாளியில சொல்லிட்டயே!" என்றார் கணவர்.

அப்போதுதான் வாளியைப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் கறுப்பாக ஒரு மேகம் மிதந்துகொண்டிருந்தது. ஐயோ என்று இருந்தது எனக்கு. இத்தனை வருஷத்தில் வீட்டில் நான் காப்பியையோ ரசத்தையோ துப்பியதில்லை. அவற்றை நான் ருசி பார்ப்பதில்லை, சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். இதை வாயில் வைத்ததும் என் உடம்பு, வேலை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டது. அதை அவனுக்கு விளக்கினேன். நீலகிரியிலிருந்து முதல் தரத் தேயிலை வந்தாலும் துப்பத்தான் செய்வோம், மதிக்காமல் அல்ல, மதிப்பதால்தான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் அதற்கு முன்னாலேயே குலுங்க ஆரம்பித்திருந்தார். பையன் மெதுவாக உட்கார்ந்தான். அவன் முகத்தில் உயிர் திரும்பியதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் ஏன் வர வேண்டும் என்று யோசித்தேன். பயந்தது நடந்துவிட்டது. பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

"அப்போ எப்படி இருக்கு மாமி? உள்ளதைச் சொல்லணும் கேட்டேளா," என்றபடி பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

உள்ளதைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. நல்லதை முதலில் சொன்னேன். வாசனை பிரமாதம், வாய் நிறைகிறது, வீரியம் தொண்டையை அறுக்காமல் இறங்குகிறது. அவன் எழுதிக்கொண்டே வந்தான். அடுத்ததைச் சொல்லத்தான் தயங்கினேன். சொந்தக் காசு, ஒரே பீப்பாய். ஆனால் நோட்டைப் பிடித்தபடி அவன் காத்திருந்த விதம், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான் என்றிருந்தது.

"கடைசில ஒரு துவர்ப்பு வருது. காய்ச்சினதுல வந்த துவர்ப்பு இல்லை, மரத்தோட துவர்ப்பு. நாக்கோரத்தைப் பிடிச்சு இழுக்கறது. தேயிலையைக் கூடுதல் நேரம் ஊறப்போட்டா வருமே, அதேதான். பீப்பாயில ரண்டு மாசம் கூடிப்போயிடுத்து. ரண்டரைன்னு வேணாலும் வெச்சுக்கோ. அப்பவே எடுத்திருந்தா இதுல குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு விநாடி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, "சரிதான் மாமி. என் கணக்குத் தப்பிடுத்து," என்று எழுதினான்.

"பொய்!" என்று அடுக்களை வாசலிலிருந்து சத்தம் வந்தது. என் பெண். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "விஷுவுக்கே திறக்கறதா இருந்தான். எட்டு மாசம்னு கணக்கு போட்டுத்தான் வெச்சான். முதல் வாய் உனக்குன்னு சொல்லிண்டிருந்தான், உன் நாக்கைப் பத்தி நான் அவ்வளவு பீத்தியிருக்கேன். நீ ஏலம்னே. அப்புறம் கண்ணுன்னே. அப்புறம் மழைன்னே. மாமி வரச் சொல்லாம திறக்க மாட்டேன்னு பிடிவாதமா உட்கார்ந்துண்டிருந்தான். கெட்டுப்போகும்டான்னு அங்க எல்லாரும் கத்தினா."

"அவ சொல்றதை விடுங்கோ மாமி," என்றான் பையன் அவசரமாக. "பீப்பா என்னோடது. திறக்காததும் நான்தானே?"

மழை கொஞ்சம் வலுத்து, வாளியில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. விஷுவிலிருந்து ஜூன் கடைசி வரை எத்தனை மாதம் என்று எண்ண எனக்கு விரல் தேவைப்படவில்லை. என் நாக்கு இரண்டரை என்று ஏற்கனவே சொல்லிவிட்டது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் தேயிலையில் எத்தனையோ குற்றம் கண்டுபிடித்திருக்கிறேன். காய்ந்தது, கருகியது, மூட்டை நாற்றம் ஏறியது. நானே ஊறவைத்துக் கெடுத்த ஒன்றை முதல்முறையாக என் முன்னாலேயே வைத்திருந்தார்கள். வைத்தவனோ, தப்பு என்னுடையது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"ஏலமும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றேன் அவனிடம். "எனக்குப் பயம். நாலு பேர் கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். அதான் தள்ளிப் போட்டேன். உன் பீரைக் கெடுத்தது நான்."

டம்ளரை நீட்டினேன். அவன் புரியாமல் பார்த்தான். ஊற்று என்றேன். இந்தத் தடவை உறிஞ்சவில்லை, சுற்றவில்லை. மடக் மடக்கென்று குடித்தேன், மரத்துவர்ப்பு உள்பட. தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு சூடு நிதானமாக இறங்கியது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் பீர். கணவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் டம்ளரையும் மெதுவாக மேஜை மேல் நகர்த்தினார். பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"உன் அம்மா நம்பரைக் குடு," என்றேன்.

அவனே அழைத்துக் கொடுத்தான். மறுமுனையில் நிதானமான டீச்சர் குரல். நான் யாரென்று சொன்னேன். எங்களுக்குச் சம்மதம், உங்களை வந்து பார்த்துப் பேச வேண்டும் என்றேன். நாக்கு லேசாகத் தடித்திருந்தது, அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. சந்தோஷப்பட்டார். மழைக்காலமாக இருக்கிறதே, இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம், ஆடி கழிந்து சௌகரியமாக வாருங்களேன் என்றார்.

"இல்லை," என்றேன். "இன்னிக்குச் சாயங்காலமே வந்துடறோம்."