நைனாவுக்கு வாசனை தெரியாது

என் நைனாவுக்கு வாசனை தெரியாது. ஈக்காட்டுத்தாங்கலில் ஸ்டீல் பீரோ செய்யும் பட்டறை ஒன்றில் கடைசிவரை ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். தின்னர் நெடி மூக்கைத் தின்றுவிட்டது. அம்மா குழம்பைத் தீயவிட்டால்கூட நாங்கள்தான் கத்தவேண்டும்.

விடியும் முன்னே எழுந்து, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி, பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார். பட்டறைக்கு ஆள் வராத நாளில் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் பெயின்ட் போகாது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது, அதற்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, சைதாப்பேட்டையை விட்டு மந்தைவெளியில் வாடகை வீடு தேடினார். பெயரைக் கேட்டதுமே, காலியாக இருந்த வீடுகளுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு தெற்கத்திக்காரரின் வீடு. கீழே அவர்கள், மாடியில் நாங்கள்.

"நாங்க சுத்த சைவம். கவிச்சி மட்டும் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

நைனா வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். அந்த வீட்டுக்குள் முட்டைகூட வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைதாப்பேட்டை அத்தை வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவோம். சாப்பிட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி, என் முகத்துக்கு நேரே நீட்டுவார். "மோந்து பாரு பாப்பா. வாசனை போச்சா?" நான் மோந்து பார்த்து, "போச்சு" என்பேன். தன் கையில் ஒட்டிய மீனுக்காக ஒரு மனிதன் இத்தனை பயப்பட வேண்டுமா என்று எனக்குக் குமட்டும்.

இரண்டாவது வருடம், மழை விட்ட ஒரு வாரத்தில் மாடிப்படி நாற ஆரம்பித்தது. முதல் நாள் லேசாக, மறுநாள் தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. வீட்டுக்காரரின் மனைவி சாம்பிராணிக் கரண்டியை எடுத்துவந்து எங்கள் வாசலில் மட்டும் காட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்காரரே மேலே வந்தார். நைனா பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கருவாடு வாடை வருது. மறைக்காதீங்க. அடுப்பங்கரையப் பாக்கணும்."

செருப்போடு உள்ளே வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். குப்பைக்கூடையைக் காலால் சாய்த்தார். பிறகு அடுப்பிலிருந்த ரசச் சட்டியின் மூடியைத் தூக்கிக் குனிந்து மோந்தார். அவர் மூச்சு அந்த ரசத்தின்மேல் பட்டதை நான் பார்த்தேன். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்தபடியே நின்றார், துடைத்து முடித்த பிறகும்.

"இது எங்க வூட்டு வாசனை இல்ல சார்," என்றார் கடைசியில். "எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம். பாப்பா, நீ வா."

என்னை முன்னால் விட்டார். அவருக்கு மூக்கு கிடையாது, என் மூக்குதான் வழி. நான் படியிறங்கினேன், அவர் டார்ச்சோடு பின்னால் வந்தார். "நாத்தம் இங்க கீதா? இன்னும் ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். படிக்கட்டுக்கு அடியில், கடைச் சரக்கை அடுக்கிவைத்துப் பூட்டியிருந்த அறையின் முன் வந்ததும் நான் வாந்தியெடுத்துவிட்டேன்.

"சாவி குடுங்க சார்," என்றார் நைனா.

அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி செத்து ஊறிக் கிடந்தது. வயிறு வெடித்து, புழு நெளிந்தது. வீட்டுக்காரர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். ஆள் கூப்பிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நைனா கையில் கேரி பேக்கைச் சுற்றிக்கொண்டு அதை அள்ளிவிட்டார். தரையைத் தேய்த்துக் கழுவினார்.

"பினாயில் நல்லா ஊத்துங்க, மூலையிலயும் ஊத்துங்க," என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

கழுவி முடித்து நைனா வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இருந்தாலும் வீட்டம்மாவுக்கு மனசு ஒப்பல. வேற வீடு பாத்துக்கிடுங்க."

நைனா "சரி சார்" என்றார்.

குளித்துவிட்டு வந்து வழக்கம்போல எங்களை உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் பண்ணினார். ஆண்டவரே, இந்த வீட்டுக்காரரை ஆசீர்வதியும், அவர் வியாபாரத்தைப் பெருகப் பண்ணும், அவர் மகளுக்கு நல்ல வரனைக் காட்டும். அம்மா ஆமென் என்றாள். நான் சொல்லவில்லை.

"உனக்கு அருவருப்பே கெடயாதா நைனா?" என்று கேட்டேன்.

பைபிளை மூடிவைத்தார். "அந்தாளு ரசச் சட்டிய மோந்தப்போ என் வயிறே பொரட்டிக்கினு வந்துச்சு பாப்பா. அந்தப் பெருச்சாளியெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஜெபம் பண்ணலன்னா நாளைக்கு அவர் மேல கைய வெச்சிடுவேன். அதான் பண்றேன்."

அம்மா அந்த ரசத்தைக் கீழே கொட்டிவிட்டாள். அன்று மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

சைதாப்பேட்டைக்கே திரும்பினோம். நைனா வேலையை விடவில்லை. என் கல்யாணத்தை நடத்தினார். பிறகு நுரையீரல் கெட்டது. ஆக்ஸிஜன் குழாயோடும் ஞாயிறுகளில் வெள்ளைச் சட்டை கேட்டார். போன வருடம் இறந்தார்.

எப்படித் தெரிந்ததோ, அந்த வீட்டுக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். ஃப்ரீசர் பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம், "எங்க குடும்பத்துல ஒருத்தரா இருந்தாரு. தங்கமான மனுசன். அப்பிடி ஒரு சுத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்டர் தலையாட்டினார். அம்மா யாரிடமோ சொல்லி அவருக்கு டீ கொண்டுவரச் செய்தாள்.

"வேண்டாம்மா. வெளியில நான் எதுவும் குடிக்கிறதில்ல," என்றார்.

நான் எழுந்து தெருவுக்குப் போய், சாக்கடையோரம் நின்று காறித் துப்பினேன். பின்னாலேயே வந்த அத்தை, "இன்னாடி, உடம்புக்கு முடியலயா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். முனையில் அமரர் ஊர்தி திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள்.