என் வீட்டுக்கு என்ன கலர்?

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் இறங்கிவிட்டால், உங்களைப் பார்த்து வாலாட்ட ஒரு நாய்தான் மிஞ்சும்; அதுவும் உங்கள் வீட்டு நாயாக இருந்தால்.

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது முன்பின்னாகச் சொல்லி, அது மளிகைக்கடை முத்தையா அண்ணன் காதுக்குப் போய், அவர் எனக்குச் சாமான் தராமல் போனால் என்ன செய்வேன்? இருந்தாலும் காப்புறுதி விற்கப் போகிறவர்கள், கோயில் நன்கொடைக்கு அலைகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய் வாசலிலேயே நின்று திரும்பியவர்கள் என்று என்னைப் போல் கதவு தட்டி அவதிப்பட்டவர்கள் நிறைய இருப்பீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம். சிங்கப்பூரில் படிக்கிற ஒரு பெண் எங்கள் மலாக்காவுக்கு வந்தது. பெயர் ராஜேஸ்வரி. நாங்கள் மிஸ் என்போம். நாங்கள் இருக்கிற காஜா பேராங் பகுதியில் எந்த நிலத்தில் என்ன நடக்கிறது, யார் குடியிருக்கிறார்கள், என்ன விற்கிறார்கள், என்ன பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு பெரிய வரைபடத்தில் கலர் பென்சிலால் தீட்ட வேண்டும். அதுதான் அதன் படிப்பு. மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். தமிழ் நின்று நின்று வரும். மலாய் வரவே வராது. எனக்குத் தமிழும் மலாயும் தடையில்லாமல் வரும். வாசலில் தோசை சுட்டு விற்கிறவளுக்கு வராமல் இருக்குமா? கூட வந்து பேசச் சொல்லி என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது.

வெள்ளைச் சட்டை

முதல் நாள் மிஸ் வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் ஒரு தோல்பையும் மாட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் ஆடு வளர்க்கிற செல்லம்மாவின் வாசலுக்குள் கால் வைத்ததுதான் தாமதம், அங்கே கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றைக்கூடக் காணோம். செல்லம்மாவின் மகன் ரம்புத்தான் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டான். போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எல்லாருக்கும் அம்மை ஊசி போட்டிருந்தார்கள்.

செல்லம்மாவோ ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடித் தயாராக நின்றாள். மிஸ் பணிவாக, "இந்த நிலத்தை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டது. செல்லம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஊசி இல்லை, பென்சில்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்ததே ஒரு கோபம்!

"ஊசி போடலேன்னா எதுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வர்றீங்க? இப்போ அந்தப் பயலை மரத்திலேருந்து யாரு இறக்குறது?"

முத்தையா அண்ணன் கடையே வைக்கவில்லை

மிஸ் வைத்திருந்த கணக்கு சுலபமானது. வீடென்றால் மஞ்சள். கடையென்றால் சிவப்பு. தோட்டம், ஆடு மாடு இருந்தால் பச்சை. ஒன்றுமில்லாத காலி நிலத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட வேண்டும். தினமும் நாங்கள் சந்திப்பது முத்தையா அண்ணன் கடை முன்னால்தான். அங்கே நின்றே அவர் கடைக்குச் சிவப்புத் தீட்டியது மிஸ். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் ஒரு செய்தி பண்டார் ஹிலிர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது: புது ரோடு போடப் போகிறார்கள், சிவப்பு அடித்ததையெல்லாம் இடிக்கப் போகிறார்கள். படிப்புக்காகத்தான் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். படிப்புக்காக ஒருவர் அடுத்தவர் வீட்டு வாழைமரத்தை விசாரிப்பாரா என்று திருப்பிக் கேட்டார்கள்.

மறுநாள் போனால் கடையைக் காணோம். அரிசி மூட்டைகளின் மேல் மெத்தையை விரித்து, வெங்காயக் கூடைமேல் சாமி படத்தை வைத்து, சாய்வு நாற்காலியில் அண்ணன் படுத்திருந்தார். "கடையா? எங்கே கடை? இது நான் குடியிருக்கிற வீடு. சிவப்பை அழிக்கச் சொல்லு" என்றார். மிஸ் ரப்பரை எடுக்கிற நேரத்தில் மலாய்க்காரப் பெரியவர் பாக் மாட் போத்தலோடு சைக்கிளில் வந்து மண்ணெண்ணெய் கேட்டார். அண்ணன் மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கே எதையும் விற்கிறதில்லை பாக் மாட். அக்கம்பக்கத்தாருக்குச் சும்மா கொடுக்கிறதுதான்" என்று மலாயில் சொல்லிவிட்டார். பாக் மாட்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"சும்மாவா? நல்லது தம்பி. இதை நிரப்பு, வீட்டிலே இன்னும் ரெண்டு போத்தல் இருக்கு, எடுத்துக்கிட்டு வந்துடுறேன்."

ஊர் சுற்றிய ஆடுகள்

பாக் மாட் போனதும் அண்ணனின் கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியது. "நீயும்தான் வாசல்ல தோசை சுட்டு விக்கிறே. உன் வீட்டுக்கு என்ன கலர்னு ஊரே பாக்கத்தான் போவுது" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு அடித்தால் வீடு போகும். சிவப்பு அடிக்காமல் விட்டால், ஊரையெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தப்பித்தாள் என்று யாரும் என் தோசையைத் தொடமாட்டார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். லோரி ஓட்டுகிறவர். "எனக்கென்ன தெரியும், நீதானே படிச்சவ" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

அதற்குள் ஊரில் அடுத்த செய்தி. பச்சை அடித்த இடத்தைத் தொடமாட்டார்களாம். எங்கள் பகுதியில் ஆடு இருந்தது செல்லம்மாவுக்கு மட்டும்தான். ஆனால் நாங்கள் போன வீட்டிலெல்லாம் கொல்லையில் ஆடு கட்டியிருந்தது. ஒரு வீட்டில் முன்வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக ஆடுகள் அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மிஸ் எல்லா வீட்டுக்கும் சந்தோஷமாகப் பச்சை தீட்டிக்கொண்டே வந்தது. சின்னப்பன் வீட்டில்தான் அதற்குச் சந்தேகம் வந்தது. ஒற்றைக் கொம்பு வளைந்த கிடா ஒன்று, மிஸ்ஸைப் பார்த்ததும் பழகினவர்களிடம் வருவதுபோல் வந்து பையை நக்கியது. "இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?" என்றது மிஸ். சின்னப்பன் அசரவில்லை.

"எல்லாம் ஒரு தாய் வயித்துக் குட்டிங்க மிஸ். ஜாடை இருக்கத்தான் செய்யும்."

மாமனார் இலை

செட்டிகள் குடியிருக்கிற செட்டிக் கம்பத்துக்கு நாங்கள் போன நாளும் சரியில்லை. மலாக்கா செட்டிகள் கும்பிடுவது நம் சாமிகளை, உடுத்துவது மலாய்க்காரர்போலக் கெபாயா, பேசுவது அவர்களுடைய மலாய். பீபி நியோன்யா என்று ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும். அன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்கு வாழையிலை போட்டுப் பழமும் சோறும் கறியும் படைக்கிற நாள். நாங்கள் வாசலில் நிற்கிறோம், மணமென்றால் அப்படி ஒரு மணம். மிஸ் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள் அக்கா" என்றது. கேட்டேன். பீபி நியோன்யா விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்தி, "வழக்கமாகவா, இன்றைக்கா? இன்றைக்கென்றால் போனவர்களும் சாப்பிட வந்திருக்கிறார்களே, அவர்களையும் சேர்க்கணுமா?" என்று மலாயில் கேட்டார். இதை நான் எப்படித் தமிழில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நமக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மிஸ் உள்ளே போய் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. நான் அலறிக்கொண்டு ஓடி அதன் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பீபி நியோன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விடு, விடு. அது என் மாமனார் இலை. உயிரோடு இருந்தபோதும் அவர் சாப்பாட்டுக்கு நேரத்தில் வந்ததில்லை. எழுந்திரிக்கச் சொல்லு, அந்தப் பிள்ளைக்கு வேறே இலை போடுறேன்."

என் வீட்டு முறை

கடைசியாக எங்கள் சந்து. முத்தையா அண்ணன் நாற்காலியைச் சந்து முனைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். செல்லம்மா ஆட்டை வாடகைக்குத் தரட்டுமா என்று ஆள் அனுப்பினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் வீடு ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் வாழைத் தோப்பு; தோசைக்கல் புகையை வைத்துத்தான் ஆட்கள் வழி கண்டுபிடித்து வருவார்கள். மிஸ்ஸும் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை; என் வீடு எதென்றே அதற்குத் தெரியாது. விடிந்ததும் அடுப்பை அணைத்தேன். கொடியில் கிடந்த துணியை உருவினேன். கோழிகளைக் கூடையில் போட்டு மூடினேன். வழியில் தென்னமட்டைகளை இழுத்துப் போட்டேன். வீட்டுக்காரரையும் நாயையும் கிளப்பிக்கொண்டு, தெங்கேராவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று மிஸ்ஸிடம் சொல்லும்படி செல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு நான் பட்ட பயத்தில் உடம்பு கொதித்தது, ஆகையால் அதுவும் நிஜம்தான்.

மிஸ் தனியாக வந்திருக்கிறது. வாழையையும் மட்டையையும் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று முத்தையா அண்ணனைக் கேட்டிருக்கிறது. வேடிக்கை பார்க்கவென்றே வந்து உட்கார்ந்தவர் ஏமாந்த கோபத்தில், "ஓடிப்போயிட்டா! அங்கே ஒண்ணும் கிடையாது, எழுதிக்க!" என்று கத்தியிருக்கிறார். மிஸ் அப்படியே எழுதிக்கொண்டது. வாழையும் யாரோ கவனிக்காமல் விட்ட வாழை என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. நான் திரும்பி வந்த பிறகு, ஊருக்குப் போகும்முன் கடை வாசலில் வரைபடத்தை விரித்துக் காட்டியது. ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு. இன்னொரு பக்கம் ஒரே மந்தை ஆடுகள் மேய்ந்த பச்சை. நடுவில் என் வீடு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று காலி நிலம். அண்ணன் அதை நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி, வெள்ளைன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கும் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் கடையைத் தூக்கிக்கிட்டுத் தெங்கேராவுக்கு வந்திருப்பேனே!"

ரோடும் வரவில்லை, யார் வீட்டையும் இடிக்கவுமில்லை. ஆனாலும் ஒருவருமே குடியில்லாத அந்தக் காலி நிலத்தில் இன்றைக்கும் தோசை சுட்டுக்கொண்டிருக்கிற நான், பையோடு யாராவது சந்துக்குள் வருவது தெரிந்தால் முதலில் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் யாரென்று எட்டிப் பார்க்கிறேன்.