யூதாஸின் இடத்தில் தம்பி

பெர்னி குபியாக் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டுதான், ஒரு கையில் உப்புத்தாளோடு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் மூடிப்போன ஆலைக் கட்டடம் ஒன்றில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த அறை. நான் இரும்பை வெல்டிங் வைத்துச் சிற்பம் செய்கிறவன். அவள் கார் ஆலையில் பாதி ஆயுள் பெயின்ட் அடித்தவள். இப்போது உலகமே அறிந்த பழைய ஓவியங்களைக் கார் பானெட்டுகள்மேல் தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைகிறாள். துருப்பொடி, இருட்டில் மினுங்கும் சாயம் என்று எதையாவது கலந்து பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுதே போகாது.

அந்தக் குளிர்காலத்தில் இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு ஓவியத்தில் கைவைத்தாள். பானெட்டுகளை நான்தான் ஒட்டவைத்துக் கொடுத்தேன். மேசையைச் சுற்றி, ஆலையில் அவளோடு வேலைநிறுத்தம் செய்தவர்கள். ரொட்டிக்குப் பதில் டிபன் பெட்டிகள், பியரோகிக் கொழுக்கட்டைகள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் இடம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வேலைநிறுத்தம் நடக்கும்போதே கேட்டைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனவன் அவளுடைய சொந்தத் தம்பி காஸ். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவன் முகத்தை வரைவாள், மறுநாள் சுரண்டுவாள், திரும்பவும் வரைவாள்.

"வேற எவன் மூஞ்சியையாவது வெச்சுத் தொலையேன்" என்றேன்.

"மத்தவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்களே எமெட். அவன் மட்டும் எங்க போவான்?"

கடைசியில் சூடு பட்டால் மறைகிற பெயின்ட் ஒன்றை வாங்கிவந்து தம்பியை மட்டும் அதில் வரைந்தாள். கையை வைத்தால் ஆள் மறைந்து அடியிலிருக்கும் வெற்று நாற்காலி தெரியும். கையை எடுத்தால் திரும்பி வந்துவிடுவான்.

"கோவம் வந்தா அழிச்சுக்கலாம் பாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்புறம் காஸுக்குப் போன் செய்து, கண்காட்சிக்கு வரச் சொன்னாள்.

"யூதாஸ் இடத்துல நீதான்னு சொல்லிட்டேன். சரின்னு போனை வெச்சுட்டான். வருவானா? பேசாம சுரண்டிடட்டுமா?"

"சுரண்டினா உன் கையை வெல்டிங் வெச்சிடுவேன்" என்றேன்.

எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் செத்துப் பல காலம். கோட்டும் குல்லாவுமாகத்தான் வேலை. அதனால் ஒரு சின்ன விஷயம் எங்கள் இரண்டு மரமண்டைக்கும் எட்டவில்லை. கண்காட்சிக் கூடத்தில் ஹீட்டர் இருக்கும்.

காஸ் வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றான். எல்லோரும் மேசையில் இருந்தார்கள். அவன் இடத்தில் காலி நாற்காலி.

"யூதாஸா வெச்சிருக்கேன்னு சொன்ன. சரி, தாங்கிக்கலாம்னுதான் வந்தேன்" என்றான். "அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா பெர்னி?"

"இருக்கடா! சத்தியமா நீ அங்க இருக்க! உள்ள சூடா இருக்கு, அதான் தெரியல!"

எவன் நம்புவான்? அவன் குல்லாவை மாட்டிக்கொண்டு திரும்பினான். பெர்னி அவனைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடி, சாமான் இறக்கும் பெரிய கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். பனிக்காற்று சுளீரென்று உள்ளே பாய்ந்தது. ஒயின் கோப்பையோடு நின்றவர்கள் கத்தினார்கள்.

மெல்லிய தகடு, குளிர் சீக்கிரம் ஏறியது. முதலில் ஒரு தோள் தெரிந்தது. பிறகு டிபன் பெட்டியைப் பிடித்திருந்த கை. காஸ் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

கூடத்துக்காரம்மா பல் கிட்டிக்க ஓடிவந்து கதவைச் சாத்தப் போனாள். காஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மூடாதீங்கம்மா. இன்னும் என் மூஞ்சி வரல."

பெர்னி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.