சங்ககிரியில் இடித்த இடி

முட்டை மண்டியில் வெளிச்சம் பார்க்கிறவனுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு பல்பு, பெட்டியின் முகத்தில் அரை ரூபாய் அளவுக்கு ஓர் ஓட்டை. இருட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டையில் வைத்துத் திருப்பினால் உள்ளே இருப்பது தெரியும். மஞ்சள் நடுவில் நின்றால் நல்ல முட்டை. ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பழசு. கறுப்பாகத் திட்டுத் தெரிந்தால் கூமுட்டை. நாமக்கல்லில் ஒரு மண்டியில் எழுபதுகளிலும் எண்பதுகளில் பாதி வரைக்கும் எனக்கு இதுதான் வேலை. எல்லோரும் என்னை லைட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

இங்கே சொல்லப்போவதில் முக்கியமான ஒன்றைப் பல வருடங்களாக நானே நம்பவில்லை. கேரளாவுக்குப் போன ஒரு லோடு முட்டை இடிச் சத்தத்தில் கெட்டுப்போனது என்பதுதான் அது. அந்த இடி இடிக்காமல் இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும். அப்படிப்பட்ட இடியைச் சந்தேகப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்பதும் தெரியவில்லை. பாலில் மானியை விட்டுப் பார்க்கிறவர்கள், பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் கேட்கிறவர்கள் என்று, அடுத்தவர் கையில் இருப்பதைச் சோதித்துப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் இந்த அவஸ்தை புரியும்.

காதோரம்

மண்டி வாசலில் சில்லறை விற்பனையும் உண்டு. மதியத்தில் அங்கே நான் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு வாத்தியார் வருவார். ஆறு முட்டை வாங்க அரை மணி நேரம். ஒவ்வொன்றையும் காதருகில் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடி, ஏதோ கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டுவார். சிலதைத் திருப்பி வைப்பார். அவர் ஒதுக்கியதை நான் உள்ளே கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றில்கூடக் குறை இருந்ததில்லை.

எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குக் கேட்கிறதோ என்று கொஞ்ச நாள் பயந்தேன். கடைசியில் கேட்டே விட்டேன். என்ன சத்தம் வந்தால் கெட்ட முட்டை என்று. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமே கேக்காதுங்க. ஆனா குலுக்காம வாங்குனா இவன் ஏமாளின்னு நீங்க நெனைச்சுக்குவீங்கல்ல?"

புரட்டாசி மேகம்

புரட்டாசி சனிக்கிழமை மண்டி வாசலில் ஈ ஆடும். வருகிற ஒன்றிரண்டு பேரும் துணிப்பைக்குள் இன்னொரு துணிப்பை கொண்டுவருவார்கள். ஒரு சனிக்கிழமை, நெற்றியில் நாமத்தோடு ஒருவர் பத்து முட்டையை வாங்கிப் பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தெருக்காரரே இன்னொருவர், அவரும் நாமத்தோடு, படியேறினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடனே இருவரும் சேர்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"மழை வாராப்பல இருக்குதுங்களே" என்றார் முதலாமவர். "ஆமாங்க, மேக்கால கறுத்துக் கெடக்குதுங்க" என்றார் இரண்டாமவர். நானும் எட்டிப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்த பாத்திரம்போல் இருந்தது. மேகமே காணோமே என்று சொல்லித் தொலைத்தேன். முட்டைப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே முதலாமவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "லைட்டுக்காரரே, உங்களுக்குக் கண்ணு செரியில்லீங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கை நீளம்

ஏனென்றால் கண் சரியில்லை என்பது உண்மை. மேகம் தெரியும். மலை மேல் மேய்கிற ஆட்டை எண்ணிச் சொல்வேன். கிட்டத்தில் இருப்பதுதான் நாற்பத்திரண்டு வயதில் கலங்க ஆரம்பித்தது. வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் வெளிச்சம் பார்க்கிறவன் கண்ணாடி போட்டு உட்கார்ந்தால் முதலாளி என்ன நினைப்பார்? வேறு ஆள் தேடுவார். அதனால் முட்டையை ஓட்டையோடு ஒட்டிப் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். தள்ளிப் பிடித்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கசியும். கசிந்தால் உள்ளே இருப்பது பாதிதான் தெரியும். மீதியை இத்தனை வருட அனுபவம் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை ஒரே ஓர் ஆள் கவனித்தார். லோடு எடுத்துப் போகும் டிரைவர் செல்லமுத்து. ஒரு நாள் அவர் கொடுத்த சீட்டை வாங்கி, கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பீடியைப் பற்றவைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "கை இன்னொரு சாண் நீளமா இருந்தா படிச்சுருவீங்களாட்ட இருக்குது."

இடி

சித்திரை மாதம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரிக்குப் போன லோடு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வியாபாரி டிரங்க் காலில் கூப்பிட்டார். கால்வாசி கூமுட்டை. பெட்டிக்குள் இருந்த சீட்டு ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. முதலாளி என்னை வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். திட்டவில்லை. செல்லமுத்து திரும்பி வரட்டும், அப்புறம் உங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார். அன்றைக்கும் மறுநாளும் தகரப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, போன லோடின் முட்டைகளையே மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

செல்லமுத்து வந்தார். முதலாளி கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். சங்ககிரி மலையடியில் பிடித்த இடி, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது, அட்டையில் இருந்த முட்டையெல்லாம் கடகடவென்று ஆடியது, அப்போதே தனக்குத் தெரியும் என்றார். முதலாளி முகம் மாறியது. அவர் குடியானவர் வீட்டுக்காரர். கோழியை அடை வைக்கிற கூடையில் இரும்பாணியும் கரித்துண்டும் போடாமல் அவர் வீட்டில் ஒரு முட்டைகூட வைப்பதில்லை. இல்லாவிட்டால் இடிச் சத்தத்துக்கு அத்தனையும் கூமுட்டையாகிவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

எனக்கு அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அடைக்கு வைக்கிற முட்டைக்குள் உயிர் இருக்கிறது, சரி. நம்முடையது பண்ணை முட்டை. அந்தக் கோழிகள் சேவலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உள்ளே இல்லாத உயிரை இடி எப்படிக் கொல்லும்? இன்னொன்றும் பார்த்தேன். செல்லமுத்துவின் சட்டை முதுகில் மஞ்சள் தண்ணீர்க் கறை. அந்த வாரம் அவர் மாமனார் ஊரில் மாரியம்மன் பண்டிகை, கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. ஒரு பகல் முழுக்க வண்டி அந்த வெயிலில் நின்றிருந்தால் முட்டைக்கு இடியே தேவையில்லை. பத்தடி தள்ளி நின்ற எனக்கு அந்தக் கறை பளிச்சென்று தெரிந்தது. தூரப் பார்வையில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

இரண்டையும் விழுங்கினேன். முதலாளி என் பக்கம் திரும்பினார்: "இடிக்கு யாரு என்னத்தப் பண்றது? போயி வேலையப் பாருங்க."

பட்டைத் துண்டு

அடுத்த லோடிலிருந்து மண்டியில் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு லாரியிலும் முட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டு வைக்க வேண்டும். ஒடிந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை முதலாளியே தேடிக் கொடுத்தார். அதைக் கழுவி, வண்டியில் வைத்து, வைத்தாயிற்று என்று குரல் கொடுக்கிற பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்?

முதல் நாள் நான் அதைப் பயபக்தியோடு தூக்கிக்கொண்டு போவதைப் பெட்டி ஏற்றுகிற பழனி பார்த்தான். மேலே நின்றபடியே துண்டை வாங்கினான். அதைப் பார்த்தான், காலடியில் இருந்த லாரியைப் பார்த்தான். "வண்டியே இரும்புதானுங்க லைட்டுக்காரரே," என்றான். "இதுக்கு மேல இடிக்கு என்னத்தக் காட்டோணும்?"

கண்ணாடி

ஒரு மாதம் பொறுத்து, தலைவலி என்று சொல்லிச் சேலத்துக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தேன். முதல் நாள், முப்பது முட்டை பிடிக்கிற ஓர் அட்டையில் எட்டு முட்டையை ஒதுக்கினேன். அதற்கு முன்பு ஒன்றோ இரண்டோதான் ஒதுக்குவேன். பல்பைத் துடைத்துப் பார்த்தேன். அதே முட்டைகளைத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். எட்டேதான். வெயில் காலம், அதனால் இருக்கும் என்று ஒரு மனது சொன்னது. கேரளாவில் எத்தனை பேர் வீட்டுச் சட்டியில் உடைந்து நாறியதோ என்று இன்னொரு மனது கேட்டது.

சாயங்காலம் முதலாளி இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒதுக்கிய குவியலைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். வேறு ஆள் தேடுகிறேன் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சலித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "நீங்க கண்ணாடி போட்டதுல இருந்து முட்டையெல்லாம் கெட்டுப் போச்சுங்க."

வெந்த முட்டை

செல்லமுத்து லாரியை விட்டுவிட்டார், நானும் மண்டியை விட்டுவிட்டேன். போன மாதம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். முடி வெளுத்துவிட்டது. என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அவர் பெண் கல்யாணம், என் பையன் வேலை என்று எல்லாம் பேசினோம். சங்ககிரி மட்டும் பேச்சில் வரவில்லை. அவரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றும்.

இரண்டு வேகவைத்த முட்டை வாங்கி ஒன்றை என் கையில் வைத்தார். வெந்த முட்டையில் வெளிச்சம் ஊடுருவாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாக அதை வெயிலுக்கு நேராகத் தூக்கியது. "பாக்கறத இன்னும் உடலீங்களா?" என்றார்.

பத்து வருடமாக நாக்கு நுனியில் நின்றது அப்போதுதான் இறங்கியது.

"செல்லமுத்தண்ணா, சங்ககிரியில அன்னைக்கு இடிச்சுதே, அது உங்களுக்காக இடிச்சுதுங்களா, எனக்காக இடிச்சுதுங்களா?"